ஹோகார்த் வரைந்த 'மூன்றாம் ரிச்சர்டாக டேவிட் கேரிக்': அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்த ஓவியம், எங்கே இருக்கிறது?

ஆங்கிலேய ஓவியர் வில்லியம் ஹோகார்த் 1745-இல் கேன்வாஸில் வரைந்த எண்ணெய் ஓவியம். லிவர்பூல் நகரில் உள்ள வாக்கர் ஓவியக்கூடத்துக்குச் சொந்தமானது. ஷேக்ஸ்பியரின் 'மூன்றாம் ரிச்சர்ட்' நாடகத்தில் வரும் ஒரு கட்டத்தை, அந்த வேடத்தில் நடித்துப் பெயர் வாங்கிய டேவிட் கேரிக்கையே வைத்து வரைந்திருக்கிறார்.

அளவு 190.5-க்கு 250.8 சென்டிமீட்டர். படுக்கையிலிருந்து பதறி எழும் அந்த மனிதர் ஏறக்குறைய நம் அளவுக்கே இருக்கிறார். கைபேசித் திரையில் மட்டும் பார்த்தவர்களுக்கு இது கொஞ்சம் மிகையான முகபாவம் கொண்ட படமாகத் தோன்றலாம். அது நாடகம் பார்ப்பவர் உட்காரும் தூரத்துக்கு ஏற்ற மிகை. அந்தத் தூரத்தை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் மிகை கரைந்துவிடும்.

நாடகத்தில் இது எந்த இடம்?

ஐந்தாம் அங்கம், மூன்றாம் காட்சி. கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரிச்சர்டுக்கு இங்கிலாந்தின் அரியணை மீது கண். வழியில் நின்றவர்களை ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டுகிறான். அண்ணன் கிளாரன்ஸ், இன்னோர் அண்ணனின் இரண்டு சிறு பிள்ளைகள், மனைவி ஆன், கூடவே இருந்து எல்லாவற்றுக்கும் உதவிய பக்கிங்ஹாம் என்று பட்டியல் நீளுகிறது. முடி கிடைத்துவிட்டது. ஆனால் ஹென்றி டியூடர் (நாடகத்தில் ரிச்மண்ட் என்று வருபவன்) படையோடு வந்து நிற்கிறான். விடிந்தால் போஸ்வொர்த் களத்தில் போர். வரலாற்றில் அந்த நாள் 1485 ஆகஸ்ட் 22.

முந்தின இரவு ரிச்சர்ட் தன் கூடாரத்தில் தூங்குகிறான். செத்தவர்களின் ஆவிகள் வரிசையாக வந்து, நம்பிக்கை இழந்து சாகும்படி சபித்துவிட்டுப் போகின்றன. அலறிக்கொண்டு எழுகிறான். போர்க்களத்தில் அடிபட்டுக் கிடப்பதாகவே நினைப்பு. வேறு குதிரை கேட்கிறான், காயத்தைக் கட்டச் சொல்கிறான், இயேசுவே இரங்கும் என்கிறான். உடனே, "பொறு, கனவுதான் கண்டேன்" என்று தன்னைத் தானே அடக்கிக்கொள்கிறான். அலறலுக்கும் இந்த அடக்கத்துக்கும் நடுவே ஒரு நொடி இருக்கிறது அல்லவா, ஹோகார்த் பிடித்திருப்பது அதைத்தான். கண் திறந்துவிட்டது, கனவு இன்னும் போகவில்லை.

ஆவிகளையே காணோமே?

வரையவில்லை. வேறொருவராக இருந்தால் புகை மண்டலம் போலப் பின்னணியில் நான்கு முகங்களைத் தீட்டிவிட்டுப் போயிருப்பார். பார்ப்பவர்களுக்கும் கதை சுலபமாக விளங்கியிருக்கும். ஹோகார்த் அதைச் செய்யாமல், ரிச்சர்டின் பார்வையைக் கேன்வாஸுக்கு வெளியே, நம் பக்கம் திருப்பிவிட்டார்.

இதனால் என்ன ஆகிறது என்றால், ஆவிகள் நிற்க வேண்டிய இடத்தில் நாம் நிற்கிறோம். அந்தக் கண்கள் யாரைக் கண்டு மிரள்கின்றனவோ அவர்கள் இருப்பது நம் தோளுக்குப் பக்கத்தில். மேடையிலும் இதேதான்: நடிகர் பார்வையாளர்களை நோக்கித்தானே மிரள வேண்டும்! மேடையின் இந்தக் கட்டாயத்தை ஓவியத்தின் பலமாக மாற்றியதுதான், என் கணக்கில், இந்தப் படத்தின் பெரிய சாமர்த்தியம்.

படத்தில் எதை முதலில் பார்க்க வேண்டும்?

கையை. முகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு கை முன்னால் உயர்ந்து நிற்கிறது. உள்ளங்கை வெளியே தெரிய, விரல்கள் ஒவ்வொன்றும் ஒரு பக்கமாக விரிந்திருக்கின்றன. தள்ளும் கையா, தடுக்கும் கையா, இருட்டில் துழாவும் கையா என்று தீர்மானிக்க முடியாது. விரலில் மோதிரம் கிடக்கிறது. மறு கை வாளைத் தேடிப் பற்றியிருக்கிறது. பயப்படுகிறவனும் கொல்லத் தெரிந்தவனும் ஒரே உடம்பில் இருப்பதை இந்த இரண்டு கைகளே சொல்லிவிடுகின்றன.

கண்ணும் விரலும் ஒரே வேகத்தில் விரிந்திருப்பதையும் கவனியுங்கள். அவசரமாகக் கை உயர்த்துகிற எவருக்கும் விரல்கள் இப்படிச் சீராக விரியாது. இது பழக்கி எடுத்த கை, நடிகனின் கை. ஓர் உணர்ச்சியைக் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் தெரியும்படி காட்டப் பயின்ற கை. எதையாவது கண்டு திடுக்கிடும் கட்டங்களுக்குக் கேரிக் ரொம்பப் பெயர் போனவர். பிற்காலத்தில் ஹாம்லெட்டாக நடித்தபோதும், தந்தையின் ஆவியைக் கண்டு அவர் அதிர்ந்து நின்ற நிலையை ஊரே பேசியது.

சுற்றிலும் கிடக்கிற பொருள்களுக்கு அர்த்தம் உண்டா?

உண்டு, ஆனால் புதிர் போல அவிழ்க்கத் தேவையில்லை. அருகில் கிரீடம் இருக்கிறது. சிலுவையில் அறையப்பட்ட இயேசுவின் உருவம் இருக்கிறது. விளக்கு எரிகிறது. தரையில் போர்க் கவசம் குவிந்து கிடக்கிறது, காலையில் மாட்டிக்கொள்ள வேண்டியது. கூடாரத் துணி விலகிய இடத்தில், தூரத்தில் மற்ற கூடாரங்களும் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் வீரர்களும் தெரிகிறார்கள். அவர்கள் பாட்டுக்குக் குளிர் காய்கிறார்கள். அரசனின் அலறல் அவர்களுக்கு எட்டவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது கவசத்தின் பக்கத்தில் கிடக்கும் ஒரு துண்டுக் காகிதம். நார்ஃபோக் பிரபு (ரிச்சர்டின் பக்கம் நின்ற படைத்தலைவர்) ரொம்பத் துள்ள வேண்டாம், உன் எசமான் ரிச்சர்ட் ஏற்கெனவே விலைபோய்விட்டான் என்று சொல்லும் இரண்டு வரி மிரட்டல் பாட்டு அது. நாடகப்படி பார்த்தால் இந்தச் சீட்டு மறுநாள் காலையில்தான் வெளிப்படுகிறது, அதுவும் நார்ஃபோக்கின் கூடாரத்தில் அகப்பட்டதாக. ஹோகார்த் அதை முந்தின இரவுக்கே கொண்டுவந்து ரிச்சர்டின் காலடியில் போட்டுவிட்டார். காலக் கணக்கு உதைக்கிறதுதான். ஆனால் துரோகம் கூடாரத்துக்குள்ளேயே வந்துவிட்டது என்பதை ஒரு காகிதத்தில் சொல்லிவிட முடிகிறது.

இதை ரொகோகோ ஓவியம் என்று சொல்லலாமா? இளஞ்சிவப்பு மேகம், குழந்தைத் தேவதை எதுவும் இல்லையே!

நியாயமான கேள்வி. ரொகோகோ என்பது வளைவும் அலங்காரமும் மிகுந்த பதினெட்டாம் நூற்றாண்டுக் கலைப் பாணி. அந்தப் பெயரைக் கேட்டதும் பிரான்ஸின் ஓவியர்கள் பூஷேயும் ஃப்ராகொனாரும்தான் நினைவுக்கு வருவார்கள்: தோட்டம், ஊஞ்சல், பட்டுப் பாவாடை. ஹோகார்த்தோ பிரெஞ்சுக்காரர்களைக் கேலி செய்வதில் சளைக்காதவர். அவரிடம் போய் "உங்கள் படம் ரொகோகோ" என்று சொல்லியிருந்தால் துரத்தியிருப்பார்.

ஆனாலும் இங்கிலாந்தில் அந்தப் பாணி வளர்ந்த இடமே ஹோகார்த்தின் வட்டம்தான். 1735-இல் லண்டனில் செயின்ட் மார்ட்டின்ஸ் லேன் கலைக்கூடத்தை அவர் நடத்தத் தொடங்கினார். பிரான்ஸிலிருந்து வந்த ஓவியர் கிராவலோ, சிற்பி ரூபிலியாக், நாடகக் காட்சிகளை நிறைய வரைந்த ஃபிரான்சிஸ் ஹேமன் எல்லாரும் அங்கே இருந்தவர்கள்.

அதைவிட முக்கியமான ஆதாரம் கோடு. பாம்பு போல இருபுறமும் வளைந்து போகும் கோடுதான் அழகுக்கு அடிப்படை என்பது ஹோகார்த்தின் கொள்கை. 1753-இல் 'அழகின் பகுப்பாய்வு' என்று ஒரு நூலே எழுதினார். ஆனால் நூல் வருவதற்கு முன்பே, இந்த ரிச்சர்ட் ஓவியத்தின் அதே 1745-இல், தன் நாயோடு தன்னை வரைந்துகொண்ட படத்தில், வண்ணத்தட்டின் மேல் அந்த வளைகோட்டைப் போட்டு 'அழகின் கோடு' என்று எழுதியும் வைத்தார். அந்தப் படத்தில் அவர் முகத்துக்குக் கீழே அடுக்கியிருக்கும் மூன்று புத்தகங்களும் ஷேக்ஸ்பியர், மில்டன், ஸ்விஃப்ட் என்ற எழுத்தாளர்களுடையவை. ஆள் எந்த யோசனையில் இருந்திருக்கிறார் பாருங்கள்.

இப்போது ரிச்சர்டின் உடம்பைப் பாருங்கள். உயர்ந்த கையில் தொடங்கி, தோள் வழியாக இறங்கி, இடுப்பில் திரும்பி, நீட்டிய கால் வரை ஒரே வளைவு. அங்கி, படுக்கைத் துணி, கூடாரத் திரை எல்லாம் அதே வளைவைத் திருப்பித் திருப்பிச் சொல்கின்றன. கிடக்கும் உடலுக்கும் எழும் உடலுக்கும் நடுவில் உள்ள நிலையைக் காட்ட நேர்கோட்டால் முடியாது. விஷயம் இருண்டது, கோடு ரொகோகோ: அப்படிச் சொன்னால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

பிரெஞ்சு ஓவியம் ஒன்றைப் பார்த்து வரைந்தது என்கிறார்களே?

பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயியின் அரசவை ஓவியரான சார்ல் லெ பிரன், அலெக்சாண்டரின் முன்னால் பாரசீக மன்னன் தாரியஸின் குடும்பத்தார் விழுந்து கிடக்கும் காட்சியைக் கூடாரப் பின்னணியில் வரைந்திருந்தார். அதன் அச்சுப் பிரதிகள் ஐரோப்பா முழுக்கச் சுற்றின. ரிச்சர்டின் உடல் அமைப்பு அதற்குக் கடன்பட்டது என்று கலை வரலாற்றாளர்கள் காட்டியிருக்கிறார்கள். எந்த உணர்ச்சிக்குப் புருவம் எப்படி, வாய் எப்படி என்று லெ பிரன் வகுத்துச் சொன்னதும் அந்தக் காலத்து ஓவியர்களுக்கு மனப்பாடம். பிரெஞ்சுக்காரர்களைத் திட்டிக்கொண்டே அவர்களிடம் பாடம் படித்திருக்கிறார். அதில் தப்பொன்றும் இல்லை.

கேரிக் யார்? அவருக்கு ஏன் இவ்வளவு மவுசு?

லிச்ஃபீல்டில் வளர்ந்தவர், பிறந்தது 1717-இல். அகராதி எழுதிய சாமுவேல் ஜான்சனிடம் படித்தவர். 1737-இல் குருவும் சீடனும் சேர்ந்தே லண்டனுக்குப் பிழைக்க வந்தார்கள். கேரிக் முதலில் ஒயின் வியாபாரம் பார்த்தார்.

1741 அக்டோபர் 19 அன்று குட்மன்ஸ் ஃபீல்ட்ஸ் என்ற சின்ன அரங்கில் ரிச்சர்டாக மேடையேறினார். அங்கே நாடகம் போட உரிமமே கிடையாது. 1737-இல் வந்த சட்டப்படி லண்டனில் இரண்டே அரங்குகளுக்குத்தான் அந்த உரிமை. அதனால் இசைக் கச்சேரிக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு, இடையில் நாடகத்தை 'இலவசமாக' காட்டுவதாக விளம்பரம் செய்தார்கள்! நடிகர் பெயரையும் போடவில்லை. இதுவரை எந்த மேடையிலும் ஏறாத ஒரு கனவான் என்று மட்டும் அறிவித்தார்கள். அதுவும் முழு உண்மையில்லை. அந்தக் கோடையிலேயே இப்ஸ்விச்சில் வேறு பெயரில் நடித்துப் பார்த்திருந்தார்.

அப்புறம் நடந்தது ஊரறிந்த கதை. கவிஞர் போப் வந்து பார்த்தார். பிரபுக்களின் வண்டிகள் நகரின் மறுகோடியிலிருந்து வந்து குவிந்தன. அதுவரை மேடையில் வசனம் என்றால் ஒரே இடத்தில் நின்று, ராகம் போட்டு, கையைத் தூக்கி இறக்கிச் சொல்வதுதான். அந்த முறையின் பெரிய நடிகர் ஜேம்ஸ் குவின், இந்தப் பையன் செய்வது சரியென்றால் நாங்கள் எல்லாரும் செய்தது தப்பு என்று சொன்னதாகச் சொல்வார்கள். கேரிக் வரிக்கு வரி முகம் மாறினார், பேசாத இடத்திலும் நடித்தார். கூடாரக் கட்டம் அதற்கென்றே அமைந்தது போல் இருந்தது, ஏனென்றால் எழுந்த முதல் நொடியில் உடம்புக்குத்தான் வேலை.

அவர் நடித்தது ஷேக்ஸ்பியர் எழுதிய நாடகத்தைத்தானா?

பாதி ஆம். அன்று மேடையில் இருந்தது, கோலி சிப்பர் என்ற நடிகர் 1700 வாக்கில் வெட்டி ஒட்டித் தயாரித்த பிரதி. கிளாரன்ஸின் மரணம், மார்கரெட் அரசி எல்லாம் அதில் காணாமல் போயின. வேறு நாடகத்தின் பகுதிகளும் சிப்பரின் சொந்த வரிகளும் சேர்ந்தன. ரிச்சர்டுக்கு வாய்ப்பு கூடியது. கனவு கலைந்து தெளிந்ததும், மனசாட்சியை விரட்டிவிட்டு, ரிச்சர்ட் மறுபடி ரிச்சர்டாகிவிட்டான் என்று முழங்கும் கைதட்டல் வசனம் சிப்பருடையது. ஆனால் ஓவியத்தில் உள்ள அலறல் ஷேக்ஸ்பியரின் வரிதான்.

ரிச்சர்டுக்குக் கூன் இருக்க வேண்டுமே?

நாடகத்தில் உண்டு. ஓவியத்தில் ஹோகார்த் அதை அழுத்திக் காட்டவில்லை. சாய்ந்து எழும் நிலையும் அகன்ற அங்கியும் அந்தப் பேச்சுக்கே இடம் தரவில்லை. உண்மையான ரிச்சர்டின் எலும்புக்கூடு 2012-இல் லெஸ்டர் நகரில் ஒரு கார் நிறுத்துமிடத்தின் அடியில் கிடைத்தது. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தது, ஆனால் கதையில் வருவது போன்ற கூன் இல்லை. 2015-இல் லெஸ்டர் பேராலயத்தில் அடக்கம் செய்தார்கள்.

உடையைப் பற்றியும் கேட்கிறார்கள்: அது 1485-இன் உடை அல்ல. அதற்குப் பின்வந்த காலங்களின் பாணியில், 'பழைய காலத்து ராஜா' என்று அன்றைய ரசிகர்கள் ஒப்புக்கொண்ட நாடக உடை.

படத்தில் இருப்பது அரசனா, நடிகனா?

இந்தக் கேள்வியில்தான் படத்தின் உயிரே இருக்கிறது. அன்றைய கணக்கில் ஓவியங்களுக்குள் சாதி உண்டு. வரலாறு, புராணம், வேதாகமம் சார்ந்த பெரிய காட்சிகள் உச்சியில். ஆள் உருவப்படம் அதற்குக் கீழே, காசுக்கு வரைவது. ஹோகார்த்துக்கு உச்சியில் ஏற ஆசை. ஆனால் ஊரில் விலைபோனது உருவப்படம். ஒரு நடிகரை அரசனாக வரைந்தால் இரண்டும் ஒரே கேன்வாஸில் நடந்துவிடும்.

அதனால் முகத்தை மறைக்கவில்லை. இது கேரிக் என்று லண்டனில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் மேடையையும் காட்டவில்லை. திரை, விளக்கு வரிசை, பார்வையாளர் யாரும் இல்லை. பல வருடம் முன்பு ஜான் கே எழுதிய 'பிச்சைக்காரர் ஓப்பரா' என்ற இசை நாடகத்தை வரைந்தபோது மேடையையும், இரு பக்கமும் உட்கார்ந்திருந்த சீமான்களையும் சேர்த்தே போட்டவர் இவர். இங்கே அதை எல்லாம் துடைத்துவிட்டு, நிஜக் கூடாரம், நிஜ இரவு, அதற்குள் ஒரு நடிகனின் பழகிய கை என்று அமைத்திருக்கிறார். நடிப்பு எந்தப் புள்ளியில் உண்மையாகிறது என்பதைப் பார்க்க வசதியான இடம் இது.

இதற்கு எதிர்வாதமும் உண்டு. வரலாற்று ஓவியமாகப் பார்த்தால் கேரிக்கின் முகம் துருத்திக்கொண்டு நிற்கிறது, உருவப்படமாகப் பார்த்தால் வேடம் ஆளை விழுங்குகிறது என்பார்கள். அந்த இழுபறி தெரிவதுதான் சுவை என்பது என் கட்சி.

எவ்வளவுக்கு விலைபோனது?

இருநூறு பவுண்டு. வாங்கியவர் யார்க்ஷயரைச் சேர்ந்த தாமஸ் டன்கோம்ப். ஓர் உருவப்படத்துக்கு இங்கிலாந்து ஓவியர் எவரும் இவ்வளவு வாங்கியதில்லை என்று ஹோகார்த்தே பெருமையாக எழுதி வைத்திருக்கிறார். இன்றைக்கு உலகப் புகழ் பெற்ற அவருடைய 'நவநாகரிகத் திருமணம்' தொடரின் ஆறு ஓவியங்களும் சேர்ந்து 1751-இல் ஏலத்தில் 126 பவுண்டுக்குத்தான் போயின. ஆறு படத்துக்கு 126, ஒரு படத்துக்கு 200! நட்சத்திர நடிகரின் முகத்துக்கு உள்ள விலை அன்றும் இன்றும் ஒன்றுதான்.

பெரிய வீட்டுக்குள் மாட்டிய படம் எப்படி ஊருக்கே தெரிந்தது?

அச்சால். 1746-இல் ஹோகார்த்தும் சார்ல்ஸ் கிரின்யனும் சேர்ந்து இதைச் செம்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டு விற்றார்கள். நாடகம் பார்க்க வசதியில்லாதவர்களும் கேரிக்கின் அந்தக் கையை வாங்கிச் சுவரில் மாட்டினார்கள். 1747-இல் டுரூரி லேன் அரங்கின் நிர்வாகத்தில் பங்கேற்று, 1776 வரை நடத்திய கேரிக்குக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடைத்திருக்காது.

இருவரும் நண்பர்களா?

ஆமாம், நடுவில் உரசல்களும் உண்டு. 1757 வாக்கில் ஹோகார்த் கேரிக்கையும் அவர் மனைவியையும் சேர்த்து வரைந்த படம் ஒன்று இப்போது பிரிட்டிஷ் அரச சேகரிப்பில் இருக்கிறது. அது கேரிக்குக்குப் பிடிக்காமல் போக, கோபத்தில் ஹோகார்த் படத்தின் கண்களைக் கீறிவிட்டார் என்று ஒரு கதை உலவுகிறது. 1764-இல் ஹோகார்த் இறந்தபோது சிஸ்விக்கில் உள்ள கல்லறைக்குக் கவிதை எழுதிக் கொடுத்தவர் கேரிக்தான்.

இதைப் பார்த்த பிறகு வேறு எதைப் பார்க்கலாம்?

நத்தானியல் டான்ஸ் 1771-இல் வரைந்த ரிச்சர்டைப் பாருங்கள். அதே கேரிக், அதே வேடம். ஆனால் கூடாரம் போய்ப் போர்க்களம் வந்துவிட்டது, ஆள் நிமிர்ந்து வாளோடு நிற்கிறார். கம்பீரமான படம்தான், ஷேக்ஸ்பியர் பிறந்த ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டின் நகர மன்றத்துக்குச் சொந்தமானது. ஆனால் அதில் கேரிக் ஓவியருக்காக நின்று கொடுத்திருக்கிறார் என்பது தெரிந்துவிடும். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்து, முகங்களை விட்டுவிட்டு விரல்களை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள்.